அலைத்தொட்டிக்குள் இரண்டு தட்டுகள்

என் மனைவிமேல் எனக்குப் பொறாமை. பங்காளிமேல் பொறாமை, பக்கத்துக் காட்டுக்காரன்மேல் பொறாமை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கட்டிய பெண்டாட்டிமேல் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இத்தனை நாள் மூடி மூடி வைத்து எனக்கே சலித்துவிட்டது.

நாங்கள் இருவரும் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரே பொறியியல் கல்லூரியில், ஒரே எலக்ட்ரானிக்ஸ் துறையில் பாடம் எடுக்கிறவர்கள். நான் அவளைவிட நான்கு வருடம் முன்னால் சேர்ந்தவன். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று பதிவேட்டில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியது நான்தான். இருவரும் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி.க்குப் பதிவு செய்தோம், அதுவும் ஒரே வாரத்தில். எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. யார் முதலில் டாக்டர் ஆகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த நாற்காலி என்பது கல்லூரியில் கேன்டீன் மாஸ்டருக்குக்கூடத் தெரியும்.

என் ஆராய்ச்சி குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இலையைப் பற்றியது. இலையைப் படம் எடுத்துக் கொடுத்தால் என்ன நோய் என்று கணினி சொல்லும். எங்கள் ஊர்ப் பயிர், எங்கள் ஊர் நோய், எங்கள் ஊர்க் காடு. வாசலைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தால் எனக்கு இலை கிடைத்துவிடும். ஆனால் நான் அனுப்பிய கட்டுரைகள் எல்லாம், இதைத்தான் பத்துப் பேர் ஏற்கெனவே செய்துவிட்டார்களே என்ற ஒரே பதிலோடு திரும்பி வந்தன. அவள் எடுத்தது கடல் அலை. அலையின் ஆட்டத்தில் வளைகிற மெல்லிய பீசோ பட்டைகளை வைத்து மின்சாரம் எடுப்பது. நாமக்கல் மாவட்டத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். எங்கள் அம்மா முதல் தடவை இதைக் கேட்டபோது வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

"கடலைக் கண்ணால பாத்ததே மூணு தடவதான் இருக்கும். அதுல கரண்டு எடுக்கறாளாமா?" என்றார்.

எனக்கு அன்றைக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஆனால் கல்லூரியில் நடந்தது வேறு. கடல் என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லோருக்கும் கண் விரிந்துவிடும். "மேடம், அலை எந்த மட்டுல இருக்குது?" என்று மெக்கானிக்கல் துறைக்காரர்கள் வந்து விசாரிப்பார்கள். என்னிடம் குச்சிக்கிழங்கைப் பற்றி விசாரித்த ஒரே ஆள் எங்கள் அலுவலக உதவியாளர். அவருக்குக் கிழங்கு மில்லில் என்ன விலை போகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. டீ வந்தால் முதல் டம்ளர் அவள் மேசைக்குப் போகும். நான் இதையெல்லாம் கவனிப்பேன். கவனிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்றும் முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது வேறொன்று. அந்த யோசனையில் பாதி என்னுடையது.

கல்யாணமான புதிதில் ஒரு காலை நேரம். அடுப்புப் பற்றவைக்கிற லைட்டர் கெட்டுப்போயிருந்தது. நான் அதை ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பிரித்து உள்ளே இருக்கும் சின்னக் கட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள், பீசோ என்று அவள் படித்திருந்தாள், பரீட்சையும் எழுதியிருந்தாள், கையில் வைத்துப் பார்த்ததில்லை. சுத்தியலின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டிக் காட்டினேன். பொறி பறந்தது. அவள் துள்ளிக் குதித்தாள்.

"தட்டற வரைக்குந்தான் பொறி வரும். எவனாச்சும் நிக்காம தட்டிக்கிட்டே இருந்தா ஊட்டுக்கே வெளக்குப் போடலாம்" என்றேன். சும்மா சொன்னதுதான்.

அதற்கு இரண்டு வருடம் கழித்துத் திருச்செந்தூர் போயிருந்தோம். சாமி கும்பிட்டுவிட்டுக் கடலில் இறங்கி நின்றோம். நான் சட்டைப் பையில் இருந்த செல்போன் நனையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று, அலை வந்து மோத மோத அசையாமல் இருந்தாள். திடீரென்று திரும்பி, "ஏனுங்க, நிக்காம தட்டறதுக்கு ஆளு வேணும்னீங்கல்ல? இதா இருக்குது பாருங்க" என்றாள். நான் சிரித்துவிட்டுச் செல்போனைத் துடைத்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை அவ்வளவுதான் என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அவள் யாரிடமாவது தன் ஆராய்ச்சியை விளக்கும்போது லைட்டர் கதையையும் சொல்வாள், நான் சொன்னதாகவே சொல்வாள். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி அவள் பக்கமே திரும்பிக்கொள்வார்கள்.

இந்தப் பீசோ பட்டைகளால் ஊருக்கு விளக்கு எரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை அவளே முதலில் சொல்வாள். கடலில் மிதந்துகொண்டு தண்ணீரின் சூடு, உப்பு எல்லாம் அளந்து செய்தி அனுப்புகிற சின்ன மிதவைக் கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பேட்டரி மாற்ற யாரும் படகு ஏறிப் போக வேண்டியதில்லாமல் செய்தால் போதும் என்பதுதான் அவள் ஆசை. பக்கெட்டில், துணி துவைக்கிற தொட்டியில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் பட்டைகளைத் தொங்கவிட்டு வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைத்த மின்சாரம் ஒரு எறும்புக்கு ஷாக் அடிக்கக்கூடப் போதாது என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்காது. கோபித்துக்கொண்டால் பரவாயில்லை என்று இருக்கும்.

ஆறு வருடம் இப்படியே போய், பல்கலைக்கழகம் கொடுத்த அவகாசம் இரண்டு பேருக்குமே முடியப் போகிற நேரம் வந்தது. நான் எப்படியோ ஒரு நீட்டிப்பு வாங்கிவிட்டேன். அவளுக்கு ஏற்கெனவே பிரசவ நேரத்தில் கொடுத்துவிட்டதால் இனிமேல் கிடையாது. சேலத்தில் இருக்கும் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பக்கெட்டில் எடுத்த கணக்கைக் குழு ஒப்புக்கொள்ளாது. ஒழுங்கான அலை வேண்டும். சென்னையில் பெரிய அலைத்தொட்டி இருக்கிறது, ஆனால் அங்கே நாள் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும். நீயே சின்னதாக ஒரு தொட்டி கட்டு. குழுவை உன் கல்லூரிக்கே கூட்டி வருகிறேன். அவர்கள் கண்முன்னால் அலை எழும்பி, உன் பட்டை அதிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினால் கையெழுத்துப் போடுவார்கள். இல்லாவிட்டால் ஆறு வருடமும் போச்சு. மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு நாமக்கல்லுக்குப் போனாள். நாமக்கல்லில் டேங்கர் லாரிக்கு டேங்க் கட்டும் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் எங்கள் ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். பால், எண்ணெய், ஆசிட் எல்லாம் ஏற்றுகிற டேங்குகள் அவர் கையால் கட்டியவை தென்னாடு முழுக்க ஓடுகின்றன. இருபது அடி நீளம், மூன்றடி அகலம், மேலே திறந்த தொட்டி, பக்கவாட்டில் ஒரு கண்ணாடி, ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளுகிற பலகை, அதை ஆட்ட லாரி வைப்பர் மோட்டார். அவள் தாளில் வரைந்து கொடுத்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, உங்களுக்குக் கட்டித் தரலைன்னா நான் என்னத்துக்குப் பட்டற வெச்சிருக்கறேன்?" என்றாராம். இதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. என் சிநேகிதர், என் ஊர்க்காரர். எனக்காக அவர் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் டேங்கர் பட்டறை வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடுகிற லாரியில் பாதி நிரம்பிய டேங்க் இருந்தால், பிரேக் போடும்போது உள்ளே இருப்பது மொத்தமும் முன்னால் பாய்ந்து லாரியையே தள்ளிவிடும். வளைவில் சாய்த்தும் விடும். அதனால் டேங்குக்கு உள்ளே குறுக்காகத் தடுப்புத் தட்டுகளை வைத்து வெல்டிங் செய்வார்கள். தட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மட்டும் போய் வரலாம், மொத்தமாகப் பாய முடியாது. வாடிக்கையாளர் கொடுக்கும் வரைபடத்தில் இந்தத் தட்டு வரவே வராது. நீளம், அகலம், எத்தனை ஆயிரம் லிட்டர் என்று மட்டும் இருக்கும். சட்டை தைக்கக் கொடுக்கிறவன் பொத்தான் வைக்கச் சொல்வதில்லை, அது போலத்தான். அந்தப் பட்டறையின் பிழைப்பே டேங்குக்குள் அலை எழும்பாமல் பார்த்துக்கொள்வது. அவளுக்கு இது தெரியாது. தட்டு வேண்டாம் என்று தாளில் எழுத வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

குழு வருவதற்கு ஆறு நாள் முன்னால், சனிக்கிழமை. அவளுக்குக் கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. "ஒரு எட்டுப் போயி அளவெல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். போனேன். தொட்டி முக்கால்வாசி முடிந்து பட்டறை நடுவில் கிடந்தது. பட்டறை அண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். நான் டேப்பை வைத்து நீளம் பார்த்தேன், அகலம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன்" என்றார். "மேல தொறந்த டேங்கா இருக்குது. தட்டு ரெண்டு வெச்சுரட்டுமா? எப்பவும் கேக்கறதில்ல, இதுல ஒரு சந்தேகம்."

எனக்குக் கேட்ட உடனே புரிந்துவிட்டது. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தட்டு வைத்தால் அலை முதல் தட்டில் மோதிச் செத்துவிடும். அந்தப் பக்கம் குளம் போலக் கிடக்கும். பட்டை வளையாது. குழு வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகும். "வேண்டாங்ணா" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் கையில் இருந்த வெல்டிங் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதிய பலகை, அந்த நாற்காலி, நான் விடுப்புக் கடிதத்தை அவளிடம் நீட்டுவது, எல்லாம் என் கண்முன் வந்தது.

"ரெண்டு போதுங்ணா. எப்பவும் போல வெச்சுருங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பைக்கை எடுத்தேன். திருச்செங்கோடு வரைக்கும் என் கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. வழியில் நிறுத்தி ஒரு இளநீர் குடித்தேன், வழுக்கையையும் விடாமல் சுரண்டித் தின்றேன்.

"அளவெல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குது" என்றேன். பொய்கூட இல்லை.

அடுத்த நாட்களில் அவள் அதிகம் பேசவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்துவாள், திருத்திக்கொண்டே இருக்கும்போது எங்கோ பார்ப்பாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் நானே உளறிவிடுவேனோ என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எனக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைசல் இருந்தது. அவள் அவ்வளவு வேலையிலும் அதை வைத்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். பட்டறைக்குப் போன் செய்யலாம் என்று செல்போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கல்காரர் ஒருவர் உள்ளே வந்து, "சார், மேடம் டாக்டர் ஆனா எங்களுக்கெல்லாம் பிரியாணி உண்டுங்களா?" என்றார். செல்போனைக் கீழே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை தொட்டி லாரியில் வந்தது, பட்டறை அண்ணனும் கூடவே வந்தார். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் கிரேன் வைத்து இறக்கினார்கள். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முந்தின நாளே கண்ணாடியில் பழகி வைத்திருந்தேன். ஐயையோ, இது என்னங்ணா, தட்டு எதற்கு என்று முதலில் பதறப்போவது நான்தான். அவள் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், ஓட்டையின் விளிம்பில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"பிசிரு இல்லாம நல்ல வட்டமா எடுத்திருக்கறீங்கண்ணா" என்றாள்.

என் பதற்றம் வாய்க்குள்ளேயே கிடந்தது. பட்டறை அண்ணன் சந்தோஷமாகப் பீடியைப் பற்றவைத்தார். துறைத் தலைவர் வந்து பார்த்துவிட்டு, அலைக்குத் தொட்டி என்றால் குறுக்கே சுவர் எதற்கு என்று கேட்டார். "வெள்ளிக்கிழமை சொல்றேனுங்க சார்" என்றாள். சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை தண்ணீர் நிரப்பினோம். மோட்டாரைப் போட்டாள். பலகை முன்னும் பின்னும் ஆடியது. அலை எழும்பியது, ஓடியது, முதல் தட்டில் மோதி மடங்கியது. தட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நான் கணக்குப் போட்டபடியே சும்மா கிடந்தது. அப்பாடா என்று எனக்கு இருந்தது. அப்பாடா என்று இருந்ததை நினைத்து அசிங்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் மேலே தொங்கவிட வேண்டிய பட்டைகளை எடுக்கவில்லை. வேறு நான்கு பட்டைகளை எடுத்து வந்தாள். புதிதாகச் சட்டம் கட்டி, ஓட்டையின் குறுக்கே நிற்கிற மாதிரி செய்து வைத்திருந்தாள். "இதக் கொஞ்சம் புடிங்க" என்றாள். நான் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, முதல் தட்டின் ஓட்டையில் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஸ்குரூ முடுக்கினாள். அப்போது என் விரல்களுக்கு நடுவே தண்ணீர் போனதை உணர்ந்தேன். மேலே செத்துப்போன அலை கீழே சாகவில்லை. அகலமாக வந்தது அத்தனையும் அந்த ஒரு ஓட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பாய்ந்தது, மறுபடி இந்தப் பக்கம் பாய்ந்தது. பட்டைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஆஸிலாஸ்கோப்பில் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த கோடு எழுந்து திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. அவள் அளவை மாற்றி வைத்தாள். மறுபடியும் தொட்டது.

அவள் கத்தவில்லை. ஏணியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் ஈரக்கையோடு நின்றேன். எனக்கு வயிறு எரிந்தது. அவளை விழவைக்க நான் வைத்த கல்லின்மேல் ஏறி நின்று அவள் பரணில் இருந்ததை எடுத்துவிட்டாள். அழவும் முடியவில்லை, கோபப்படவும் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து குழு வந்தது, வழிகாட்டியோடு சேர்த்து மூன்று பேர். அவள் மோட்டாரைப் போட்டாள். முதலில் ஓட்டையில் பட்டை இல்லாமல் மேலே வைத்துக் காட்டினாள், பிறகு ஓட்டையில் வைத்துக் காட்டினாள். ஒரு சின்ன மிதவைக் கருவி அந்த மின்சாரத்திலேயே தன்பாட்டுக்குத் தண்ணீரின் சூட்டை அளந்து அவர்கள் செல்போனுக்கே செய்தி அனுப்பியது. குழுவில் இருந்த மூத்தவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் ஓட்டையையே பார்த்தார்.

"எல்லாரும் அலையோட மேல் ஆட்டத்தத்தான் பிடிக்கப் பாப்பாங்க. தடுத்து, ஒரு வாயில நெருக்கி விடணும்னு யாருக்கு யோசனை வந்துச்சு?" என்று கேட்டார்.

அவள் திரும்பி ஒர்க்‌ஷாப் மூலையில் நின்ற என்னைக் கை காட்டினாள்.

"என்ற ஊட்டுக்காரருக்குங்க சார். தட்டு வெக்கச் சொன்னதே அவருதானுங்க."

சரி, பட்டறை அண்ணன் சொல்லிவிட்டார், எல்லாம் தெரிந்துவிட்டது, பத்துப் பேர் முன்னால் வைத்து அறைகிறாள் என்றுதான் நினைத்தேன். மூத்தவர் நடந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழிகாட்டி, கட்டுரை எழுதும்போது இவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள் என்றார். துறைத் தலைவர் முதலில் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். எனக்கு வாழ்நாளில் விழுந்த பெரிய கைதட்டு அதுதான். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அதில் குத்தல் எதையும் காணவில்லை. என்னைவிட அவள்தான் பெருமையாக நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பைக்கில் திரும்பினோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. கரும்புச்சாறு வண்டியைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு புளியமரத்தடியில் நின்றோம். என் டம்ளர் நிறைந்தபடியே கையில் இருந்தது.

"தட்டு வெக்கச் சொன்னது நானுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள என்னால் ஆனதைச் செய்தேன்.

"அந்தச் சனிக்கெழம பொழுதோட பட்டற அண்ணன் போன் பண்ணினாருங்க. தம்பி ரெண்டு தட்டு வெக்கச் சொல்லிட்டுப் போறாரு, வெல்டிங் போட்டுட்டா அப்பறம் எடுக்கறது செரமம், நீங்களும் ஒருக்காச் சொல்லிருங்கன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் திக்குன்னு ஆயிருச்சுங்க. தட்டு வெச்சா அலையே வராதேன்னு. அப்பறம் நெனச்சேன், லைட்டரப் பிரிச்சு எனக்குக் காட்டின மனுசன், இது தெரியாமயா சொல்லியிருப்பாரு? ஏதோ கணக்கு இருக்கும், நானாக் கண்டுபிடிக்கட்டும்னு உட்டிருக்கறாருன்னு நெனச்சு, அவரு சொன்னபடியே வெச்சுருங்கண்ணான்னு சொல்லிட்டேன். மூணு நாளு மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டேனுங்க. ஓட்டையப் பத்தி நெனைக்கவே இல்ல. செவ்வாக்கெழம பாத்தரம் கழுவறப்பத்தான் சிங்க் தொளையில தண்ணி இழுக்கறதப் பாத்தேன்." டம்ளரைச் சுழற்றி அடியில் இருந்த சாற்றைக் குடித்தாள். "உங்ககிட்டக் கேட்டுப்போட்டா நீங்க சொல்லிருவீங்கன்னு கேக்காம இருந்தேன். நீங்க நெனச்சதும் இதேதானுங்களா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. கரும்புச்சாறு வண்டிக்காரர் சக்கையை மடித்து மறுபடி மிஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டிருந்தால்கூட என்ன ஆகிவிடப் போகிறது?

"இதேதான்" என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்க" என்று என் கையில் இருந்த டம்ளரையும் வாங்கி அவளே குடித்துவிட்டாள்.

இப்போது அவள்தான் எங்கள் துறைத் தலைவர். என் குச்சிக்கிழங்கு முடியவில்லை; நீட்டிப்பும் தீர்ந்துவிட்டது. என் பெயர் அச்சில் வந்த ஒரே கட்டுரை அவளுடைய அலைக் கட்டுரை, அதில் இரண்டாவது பெயராக. கல்லூரியில் எனக்கு நல்ல பெயர். பெண்டாட்டியை இப்படித் தூக்கிவிடுகிற ஆம்பளை எங்கே இருக்கிறான் என்று மற்ற ஆசிரியைகள் தங்கள் கணவன்மாரிடம் சொல்வதாகக் கேள்வி. விடுப்புக் கடிதத்தை அவளிடம்தான் நீட்டுகிறேன். அதுகூடப் பழகிவிட்டது. அவளுடைய பட்டம்மேலும் நாற்காலிமேலும் எனக்கு இருந்த எரிச்சல் எப்படியோ அடங்கிவிட்டது.

அடங்காதது ஒன்று இருக்கிறது. அவள் யாருக்காவது அந்தத் தொட்டிக் கதையைச் சொல்லும்போது, அதில் ஒரு ஆள் வருகிறான். எல்லாம் தெரிந்தவன், பெண்டாட்டி தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தவன், கை தட்டும்போது மூலையில் அடக்கமாக நின்றவன். அவனைச் சொல்லும்போது அவள் முகம் மாறும். என்னைப் பார்த்து அப்படி மாறி நான் கண்டதில்லை. என்னைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் பார்ப்பது அவனைத்தான். அவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, என் வீட்டிலேயே இருக்கிறான். அவள் குடும்பம் நடத்துவது அவனோடுதான். இந்த உலகத்தில் அவன் ஒருவன்மேல்தான் இன்றும் எனக்குப் பொறாமை.